கோவை–திருப்பூர் ரயிலுக்கு எந்த சைக்கிள்: மடக்குவதா, பிரேக் வேனில் போடுவதா, ஸ்டாண்டில் விடுவதா?

கோவையிலிருந்து திருப்பூருக்கு ரயிலில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் சிக்கல் இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், அங்கே இறங்கி வேலை இடத்துக்கும் உள்ள மூணு நாலு கிலோமீட்டர்தான் நேரத்தையும் ஆட்டோ காசையும் தின்கிறது. அதற்கு சைக்கிள் போதும். அந்த சைக்கிளை ரயிலில் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி உண்டு. எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: 20 இஞ்ச் சக்கர மடக்கு சைக்கிள்.

ஸ்டாண்டில் விடும் வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தினமும் அதே ஸ்டேஷன், அதே கம்பெனி என்றால் இதைவிட மலிவு எதுவும் கிடையாது. வீட்டுப் பக்கம் ஒன்று, திருப்பூர் பக்கம் பழைய சைக்கிள் ஒன்று, இரண்டுக்கும் மாதப் பாஸ். பழசாக, அழகில்லாததாக இருப்பதே அதற்குப் பூட்டு. போகிற இடம் மாறும் ஆட்களுக்கு இது ஆகாது. இன்றைக்கு ஊத்துக்குளி, நாளைக்கு ஈரோடு என்று அலைகிற மெர்ச்சண்டைசருக்கு (பனியன் ஆர்டர்களைக் கவனிப்பவர்) ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளால் பயனில்லை.

பெரிய சைக்கிளை பிரேக் வேனில், அதாவது ரயிலில் சாமான் ஏற்றும் பெட்டியில், போடுவது எப்போதாவது ஒருமுறை போகிற பயணத்துக்கு. சென்னைக்கு சைக்கிளோடு போகவேண்டும், ஊருக்கே எடுத்துப் போய்விட வேண்டும் என்றால் சரி. டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடுங்கள். டிக்கெட் இல்லாமல் பார்சலாகப் போட்டால் அதே வண்டியில் வந்து சேரும் என்று நம்ப முடியாது. வண்டி கிளம்ப அரை மணி நேரம் முன்னாடியாவது கவுண்டரில் இருக்கவேண்டும், அடையாள அட்டை நகலோடு. பம்பு, லைட், பாட்டில் எல்லாம் கழற்றிக் கைப்பையில். ஹேண்டில்பாரை ஆலன் கீயால் தளர்த்திச் சக்கரத்துக்கு இணையாகத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். பெடலை 15 எம்எம் ஸ்பேனரால் கழற்றலாம். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் அழுத்தி மரையைத் தின்றுவிட்டு வருகிறவர்கள் நிறைய. பெயர், போன், ஏறும் ஊர், இறங்கும் ஊர் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று பிய்ந்தாலும் ஒன்று இருக்கும். இறங்கிய பிறகும் காத்திருப்புதான். 50 கிலோமீட்டருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. துடியலூர், காரமடை மாதிரி வண்டி நின்றதும் கிளம்பிவிடும் சிறு நிலையங்களில் இதை நினைக்கவே வேண்டாம்.

மடக்கு சைக்கிளின் பலம் அது நம் கையைவிட்டுப் போகாது என்பதே. சட்டத்தையும் தெரிந்துகொண்டு ஏறுங்கள். இரண்டாம் வகுப்பில் இலவசமாகக் கொண்டுபோக 35 கிலோ அனுமதி. பெட்டிக்குள் வைக்கும் சாமானின் அளவு 100×60×25 சென்டிமீட்டர். 20 இஞ்ச் சைக்கிள் எடை 12 முதல் 15 கிலோ, மடக்கினால் ஏறத்தாழ 80×65×40. எடையில் தேறிவிடும், பருமனில் தேறாது. டிடிஇ சட்டம் பேசினால் நியாயம் அவர் பக்கம். அதனால் கூட்ட நேரத்தைத் தவிர்ப்பதும், துணிப்பை போட்டு மூடுவதும், வழியை மறிக்காமல் வைப்பதும் நம் பொறுப்பு. பை தைக்கத் திருப்பூர்க்காரருக்குத் துணி சொல்லித்தரத் தேவையில்லை.

மடக்கும் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். பொதுவாக இடது பெடல், ஹேண்டில் கம்பம், சீட்டு, கடைசியில் நடு லாக். பழகிய கைக்கு அரை நிமிடம். மடக்கிய பாதிகளைப் பிடித்து வைக்கும் காந்தம் ரயில் குலுக்கலில் விட்டுவிடும். பஞ்சர் கடையில் பழைய டியூபைக் கிழித்து வாங்கிய ரப்பர் பட்டை இரண்டு சுற்று போட்டால் அசையாது. கதவோரச் சுவரில் சாய்க்கும்போது செயின் பக்கம் சுவரைப் பார்க்கட்டும். பக்கத்தில் நிற்பவர் வேட்டியில் கிரீஸ் பட்டால் அன்றைக்கு ரயிலில் நம் பேச்சு எடுபடாது.

இனி வாங்கும்போது எல்லாரும் குழம்பும் இடம். 16 இஞ்ச் உயர்ரக மடக்கு சைக்கிள், பிராம்ப்டன் மாதிரி, ஏறத்தாழ 59×57×27 அளவுக்குச் சுருங்கும். சட்ட அளவுக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் மீறல். பயணத்துக்கு அதுதான் கச்சிதம், ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் 20 இஞ்ச்சைச் சொல்வதற்குக் காரணம் டயர்.

டயர் பக்கவாட்டில் 47-406 என்பது போல எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் "பதினாறு" என்று கேட்டால் குழந்தைகள் சைக்கிள் டயர் வரும், அது 305. பிராம்ப்டன் வகைக்கு வேண்டியது 349. 44 மில்லிமீட்டர் வித்தியாசம்; என்ன இழுத்தாலும் ஏறாது. "இருபது" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் 406. பள்ளிக்கூடப் பையன்கள் ஓட்டும் 20×1.75 சைக்கிளுக்கும் அதேதான். பொள்ளாச்சியிலோ அவிநாசியிலோ சாதாரண சைக்கிள் கடையிலேயே தொங்கும். ஆனால் 20 இஞ்ச்சிலும் ஒரு பொறி உண்டு: மெல்லிய டயர் போட்ட சில மாடல்கள் 451. எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கோவைச் சாலையில் இது வெறும் பேச்சு இல்லை. கணபதி, சிங்காநல்லூர் பக்கம் லேத் பட்டறைகளிலிருந்து சிதறும் இரும்புச் சுருள் சாலையோரம் கிடக்கும். முள் குத்தினால் டியூபோடு போகும். சுருள் டயரையே வெட்டும். டியூபுக்கு வழி உண்டு, 305-க்கும் 349-க்கும் பொருந்தும் டியூப்கள் உள்ளன. வெட்டுப்பட்ட டயருக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து வீடு சேரலாம், அதற்கு மேல் ஓட்டக்கூடாது. 349 டயரை ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் நாட்களில் எல்லாம் ஆட்டோதான். ஒரு டயரை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒழுங்கு உள்ளவருக்கு மட்டும் 16 இஞ்ச் சரி.

வால்வும் கார் வால்வாக இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடிக்கலாம். சின்ன டியூப், சட்டென்று நிறைந்துவிடும். விட்டு விட்டு அடியுங்கள், டயரில் எழுதிய அழுத்தத்தைத் தாண்டாதீர்கள்.

மடக்கு சைக்கிளின் குறை கீல். மண்ணும் கிரீஸும் சேர்ந்தால் அரைத்த மாவு போல ஆகி உலோகத்தைத் தேய்க்கும். வாரம் ஒருமுறை பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தால் போதும். லாக் பாதி வழியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தினால்தான் மூடவேண்டும். இரண்டு விரலுக்கே மூடினால் தளர்ந்துவிட்டது, பின்னால் இருக்கும் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். ஹேண்டில் கம்பக் கீலின் வெல்டிங் ஓரத்தில் முடி போலக் கோடு தெரிந்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

பஸ்ஸைப் பொறுத்தவரை, காலையில் காந்திபுரம் டவுன் பஸ்ஸில் எந்த அளவு சைக்கிளுக்கும் இடமில்லை. உக்கடத்திலிருந்து கிளம்பும் புறநகர் பஸ்ஸில் மதியத்துக்கு மேல் முயலலாம். ஏறுவதற்கு முன்னாடியே கண்டக்டரிடம், "ஏனுங்கண்ணா, மடக்குன பொட்டியாட்டந்தான் இருக்கு, ஓரமா வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். லக்கேஜ் டிக்கெட் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். டிக்கியில் படுக்க வைத்தால் இடது பக்கம் கீழே இருக்கட்டும். கியர் மாற்றும் டீரெய்லர் வலது பக்கம் தொங்குகிறது. அப்படிப் படுக்க வைத்தாலும் அதன் மேல் யாராவது ஒரு தேங்காய் மூட்டையை வைத்தால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து கியர் தாவ ஆரம்பிக்கும்.