மிக்ஸியா, முள்கரண்டியா? ஐஸ்கிரீம் மெஷின் இல்லாமல் பழ சோர்பே

சோர்பே என்பது பால் சேர்க்காமல், பழமும் சர்க்கரையும் கலந்து உறையவைக்கும் ஐஸ்கிரீம் மாதிரி. மெஷின் இல்லாமல் அதைச் செய்ய நாலு வழி சொல்வார்கள். பழத்துண்டுகளை உறையவைத்து நேராக அரைப்பது ஒன்று. பழக்கலவையைத் தட்டில் ஊற்றி, உறைய உறைய முள்கரண்டியால் கிளறுவது இன்னொன்று. கலவையை ஐஸ் ட்ரேயில் கட்டிகளாக்கி மிக்ஸியில் அடிப்பது மூன்றாவது. உப்பும் ஐஸும் போட்ட பையில் வைத்துக் குலுக்குவது நாலாவது.

என் ஓட்டு மூன்றாவதற்கு. செய்த உடனே சாப்பிட்டால் நாலுமே நன்றாகத்தான் இருக்கும். மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் எடுக்கும்போது கரண்டி இறங்குகிறதா என்பதில்தான் வித்தியாசம் தெரியும். அதைத் தீர்மானிப்பது, செய்முறையைவிட அதிகமாக, கலவையில் உள்ள சர்க்கரை.

வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரிலும் பழக்கலவை முழுதாக உறைவதில்லை. தண்ணீர் ஐஸாகப் பிரியப் பிரிய, சர்க்கரை மீதித் தண்ணீரில் ஒதுங்கி அடர்த்தியான பாகாகிறது. அந்தப் பாகு உறையாமல் ஐஸ் துகள்களுக்கு நடுவே நிற்கிறது. கரண்டி இறங்குவது அதனால்தான். சர்க்கரை பாதியானால் உறையாத பாகும் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், சோர்பே செங்கல்லாகிவிடும். “உடம்புக்கு நல்லது, சர்க்கரையைக் குறைப்போம்” என்று தொடங்கும் முயற்சிகள் பெரும்பாலும் முடிவது இங்கேதான்.

மொத்தக் கலவையின் எடையில் சர்க்கரை 25 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும், பழத்தில் உள்ளதையும் சேர்த்து. நல்ல மாம்பழத்தில் சுமார் 14 சதவீதம், தர்பூசணியில் 7, ஸ்ட்ராபெரியில் 5 இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் அளவுகள்:

மாம்பழக்கூழ் 500 கிராம், சர்க்கரை 130, தண்ணீர் 100 மி.லி.
தர்பூசணிச் சாறு 500 கிராம், சர்க்கரை 160.
ஸ்ட்ராபெரிக் கூழ் 500 கிராம், சர்க்கரை 160.
எலுமிச்சைச் சாறு 200 மி.லி., தண்ணீர் 400 மி.லி., சர்க்கரை 240.

முதல் மூன்றுக்கும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும், எல்லாவற்றுக்கும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்க வேண்டும். ருசி பார்க்கும்போது இனிப்பு ஒரு படி தூக்கலாகத் தெரியும். பயந்து குறைக்க வேண்டாம். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும்.

ஒரே பழத்திலும் இனிப்பு ஏறும், இறங்கும். வடிகட்டிய நீர்த்த கலவையாக இருந்தால் பழைய முட்டைச் சோதனையைச் செய்து பார்க்கலாம். நன்றாகக் கழுவிய புதிய முட்டையை ஓட்டோடு உள்ளே விட வேண்டும். மூழ்கினால் சர்க்கரை போதாது. சின்ன நாணயம் அளவுக்கு ஓடு மேலே தெரிந்தால் சரி. அதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் கொஞ்சம் சாறோ தண்ணீரோ சேர்க்க வேண்டும். மாம்பழம் போன்ற கெட்டிக் கூழில் முட்டை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்; அதற்குத் தராசுதான் கதி.

இனி கட்டி முறை. சர்க்கரையைப் பழத்தோடு சேர்த்தே அரைத்து, துளியும் நறநறப்பு இல்லாமல் கரைக்க வேண்டும். கரையாத சர்க்கரை அடியில் தங்கினால் மேல் பாதி ஐஸ், கீழ்ப் பாதி பாகு என்று பிரிந்துவிடும். ஸ்ட்ராபெரியை வடிகட்டுவது விதை உறுத்தாமல் இருக்க. கலவையை ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பிறகே ட்ரேயில் ஊற்ற வேண்டும். கால் கப் மட்டும் எடுத்து ஃப்ரிட்ஜிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். கட்டிகள் 6 முதல் 8 மணி நேரம் உறைய வேண்டும்.

மிக்ஸி ஜாரையும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைக்கலாம். கட்டிகளை வெளியே எடுத்து 5 நிமிடம் விட்டு, ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் போட்டு, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். முதலில் மணல் மாதிரி உதிரும். நிறுத்தி, பக்கங்களை வழித்து கீழே தள்ளி மறுபடி ஓட்டினால் திடீரென்று ஒன்றுசேர்ந்து வழுவழுப்பாகும். பிளேடு வெறுமனே சுற்றினால், எடுத்து வைத்த கலவையில் ஒரு மேசைக்கரண்டி விடுங்கள். தண்ணீர் விட்டால் சர்க்கரைக் கணக்கு கெடும், சோர்பே மறுநாள் இறுகும். தொடர்ந்து ஓட்டினால் பிளேடின் சூட்டில் உருகிவிடும். மோட்டார் நின்றுபோனால் சுமை கூடி அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் தட்டியிருக்கும். ஆறவிட்டு அழுத்தினால் ஓடும், அடுத்த தடவை ஜாரில் குறைத்துப் போடுங்கள்.

அரைத்ததை உடனே அகலமான டப்பாவில் அழுத்தி நிரப்பி, மேலே பட்டர் பேப்பர் ஒட்டி மூடி, 2 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் வழித்தெடுக்கும் பதம் வரும். டப்பாவை உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். கதவைத் திறந்து மூட, லேசாக உருகி மறுபடி உறையும்போது ஐஸ் துகள்கள் பெருத்துவிடும். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

பழத்துண்டை நேராக அரைக்கும் முறைக்கு உள்ள ஒரே பெருமை அவசரம். 2 செ.மீ. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்தால், வேண்டும்போது 5 நிமிடத்தில் தயார். மாம்பழமும் வாழைப்பழமும் சதைப்பற்றால் வழுவழுப்பாக வரும். தர்பூசணி வெறும் ஐஸ் பொடியாகும். சர்க்கரை பழத்தில் உள்ளதோடு சரி என்பதால் மிச்சம் மறுநாள் கல்லாகும். துண்டுகளும் கடினம், சர்க்கரை கலந்த கட்டி அந்த அளவுக்கு இறுகாததால் மிக்ஸிக்கும் அதுவே லேசு. அரைக்கும்போது பொடித்த சர்க்கரை சேர்க்கலாம்தான், ஆனால் அந்தக் குளிரில் முழுதாகக் கரையும் என்று நம்ப வேண்டாம்.

முள்கரண்டி முறைக்கு மின்சாதனம் ஃப்ரீசர் ஒன்றே போதும். அகலமான எவர்சில்வர் தட்டில் 2 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, அரை மணிக்கு ஒரு தடவை, ஓரத்தில் உறைந்ததை நடுவுக்குச் சுரண்டிச் சுரண்டி 3 மணி நேரம் கிளற வேண்டும். ஒரு சுற்று தவறினாலும் பாளம் கட்டும். என்ன கிளறினாலும் துகள் பெரிதாகத்தான் இருக்கும். அதைச் சோர்பே என்பதைவிட கிரானிட்டா, அதாவது சுரண்டி எடுக்கும் கரகரப்பான பழ ஐஸ், என்பதே நியாயம். எலுமிச்சைக்கும் தர்பூசணிக்கும் அந்த நறுக்கென்ற தன்மை பொருந்துகிறது. சர்க்கரையை 15 முதல் 20 சதவீதத்துக்கு இறக்கலாம் என்பது இதில் மட்டும் கிடைக்கும் சலுகை.

உப்புப் பை பிள்ளைகளோடு விளையாட நல்லது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு, இரட்டைப் பைக்குள் கலவை, கையில் தடித்த துண்டு சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் குலுக்கல். கிடைப்பது ஒரு கப். பை கசிந்தால் அதுவும் உப்புக் கரிக்கும்.

கட்டி முறையில் இனிப்பு அதிகம் என்று தோன்றினால், சேர்க்கும் சர்க்கரையில் கால் பங்கை லிக்விட் குளுக்கோஸாக மாற்றுங்கள். இனிப்பு குறையும், துகளும் பொடிசாக நிற்கும். தேனும் இளக்கம் தரும், ஆனால் அதன் வாசனை எலுமிச்சையைத் தவிர எந்தப் பழத்தையும் முந்திக்கொள்கிறது என்பது என் அபிப்பிராயம். இவ்வளவுக்குப் பிறகும் இறுகிப்போனால் எறிய வேண்டாம். உருகவிட்டு, ஆறிய சர்க்கரைப் பாகு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, மறுபடி ட்ரேயில் ஊற்றி அரைக்கலாம். இளகியே கிடந்தால் பாகுக்குப் பதில் கொஞ்சம் சாறு.