பீட்டில் ஸ்பின்: தெர்மாமீட்டர் பார்த்து வீசவேண்டிய தூண்டில்

ஏரியில் பனிக்கட்டி உருகிய மறுநாளே பீட்டில் ஸ்பின்னைக் கட்டி வீசிவிட்டு, ‘இதில் மீனே விழவில்லை’ என்று டப்பாவின் அடியில் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. பழி தூண்டிலின் மேல் இல்லை, தண்ணீரின் மேல். 6, 7 டிகிரி செல்சியஸ் குளிரில் புளூகில் என்ற வட அமெரிக்கச் சின்ன ஏரிமீன் ஓடும் இரையைத் துரத்தாது. அதே கரையில் தண்ணீர் 13 டிகிரியைத் தொடட்டும், இதே தூண்டிலுக்கு மத்தியானம் முழுக்கக் கொத்து இருக்கும். அதனால்தான் இங்கே விலையைவிட வெப்பநிலையைப் பற்றியே அதிகம் பேசவேண்டியிருக்கிறது. விலை ஒரு பொருட்டே அல்ல, சில டாலர்கள்தான்.

பொருளைப் பார்ப்போம். ஊக்கைத் திறந்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி வளைத்த மெல்லிய கம்பி. மேல் கையில் சுழலும் தகடு. கீழ்க் கையில், உருண்டைத் தலையோடு வார்த்த ஒற்றை முள் (இதற்கு ஜிக் என்று பெயர்). அந்த முள்ளின்மேல், வால் இரண்டாகப் பிளந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உடல். இரண்டு கைகளும் சேரும் மூக்கில் ஒரு வளையம் இருக்கும், தங்கூசியைக் கட்டுவது அதில்தான். கான்சஸ் சிட்டிக்காரரான சக் வுட்ஸ் வடிவமைத்ததை, மிசோரியில் வர்ஜில் வார்ட்டின் பாஸ் பஸ்டர் நிறுவனம் ஊரறியச் செய்தது. இன்று ஜான்சன் என்ற பெயரில் வருகிறது. பெர்க்லி, அபு கார்சியா என்ற மீன்பிடிக் கருவிப் பெயர்களையும் வைத்திருக்கும் பியூர் ஃபிஷிங்தான் இதற்கும் உரிமையாளர்.

பாஸ் என்றதும் நம் ஊர் ஹோட்டல் மெனுவில் சீ பாஸ் என்று போடும் கொடுவா நினைவுக்கு வரும். இது அது அல்ல. வட அமெரிக்க ஏரிகளின் லார்ஜ்மவுத்தும் ஸ்மால்மவுத்தும் சன்ஃபிஷ் குடும்பம். உள்ளங்கை அகல புளூகில்லுக்குப் பெரிய வீட்டுச் சொந்தம். புளூகில், பம்ப்கின்சீட், கிராப்பி, மஞ்சள் பெர்ச் எல்லாம் வாணலியில் முழுசாக அடங்குவதால் பான்ஃபிஷ் என்ற பொதுப்பெயர் பெற்றவை. ஒரே வீச்சில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஆசை காட்டுவதுதான் பீட்டில் ஸ்பின்னின் பலம்.

அளவுகளில் முதலில் வாங்கவேண்டியது 1/16 அவுன்ஸ், அதாவது 1.8 கிராம். கிராப்பியும் பெரிய புளூகில்லும் இதைத் தயங்காமல் கவ்வும், பாஸும் விடாது. 1/32 (0.9 கிராம்) புளூகில்லின் சின்ன வாய்க்குச் சரி. ஆனால் எதிர்காற்று அடித்தால் காலடியிலேயே விழும். 1/8 (3.5 கிராம்) ஆழமான கரைக்கும் பாஸுக்கும். 1/4 (7 கிராம்) தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அந்த எடைக்கு வந்துவிட்டால் இழைப் பாவாடை கட்டிய, இதே வடிவிலான பெரிய தூண்டிலான ஸ்பின்னர்பெய்ட் இதைவிட நன்றாக வேலை செய்யும். நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கலங்கிய தண்ணீருக்கு மஞ்சளும் கறுப்பும், தெளிந்ததற்கு வெள்ளை. அளவும் வேகமும் தவறினால் எந்த நிறமும் காப்பாற்றாது.

ராடு 5½ முதல் 6½ அடி வரையிலான அல்ட்ராலைட் (மிக லேசான வகை), ரீல் 1000 அளவு, தங்கூசி 4 பவுண்டு தாங்கும் மோனோ, அதாவது ஒற்றையிழை நூல். பாஸை முதன்மையாக நினைத்தால் 6 பவுண்டு, தண்ணீருக்குள் கிளைகள் இருந்தால் 8. பின்னல் நூல் போட்டிருப்பவர்கள் முன்னால் 2 அடிக்கு மோனோ கட்டிக்கொள்வது நல்லது. துவண்ட பின்னல் நூல் வீசும்போது கம்பிக் கையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் முடிச்சில் 5 சுற்று, எச்சில் தடவி மெதுவாக இறுக்குங்கள். ஸ்னாப் சுவிவல் என்ற சுழலும் இணைப்புக் கொக்கியை மாட்டவே கூடாது. 1.8 கிராம் தூண்டிலின் மூக்கில் அந்தக் கனம் தொங்கினால் அது தலைகுப்புற ஓடும். நூல் முறுக்கும் என்ற பயத்தில்தான் பலர் சுவிவல் மாட்டுகிறார்கள். ஆனால் ஊக்கு வடிவத்தில் தகடு மட்டுமே சுழல்கிறது, உடம்பு நேராக நிற்கிறது. கம்பியையே அச்சாக வைத்துத் தகடு சுழலும் மெப்ஸ் வகைத் தூண்டிலைவிட நூல் முறுக்கு இதில் குறைவு.

வீசியதும் தண்ணீரைத் தொடும் முன் ஸ்பூலை விரல் நுனியால் லேசாக உரசி வேகத்தைக் குறையுங்கள். தூண்டில் முன்னும் நூல் பின்னுமாக நேராகும். தகடு நூலில் சிக்காது. விழுந்ததும் ஒரு சின்ன வெட்டு கொடுத்தால் ஒட்டிக்கிடக்கும் தகடு சுழலத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுக்கவேண்டும். எது மெதுவான வேகம் என்பதைக் கரையோரத் தெளிந்த தண்ணீரில் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம். காலடியில் போட்டு இழுத்து, தகடு நின்றுவிடும் வேகம் எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு இழை மேலே உள்ளதுதான் வசந்தகால வேகம். சாதாரண 1000 ரீலில் அது விநாடிக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாகவே இருக்கும்.

ஆழத்தை எண்ணிப் பிடிக்கலாம். விழுந்தது முதல் நூல் துவளும் வரை எண்ணுங்கள். 8 எண்ணுவதற்குள் தரை வந்தால், அடுத்த வீச்சில் 5, அதற்கடுத்ததில் 3 என்று மட்டத்தை மாற்றிப் பாருங்கள். கிராப்பி தன் தலைக்கு மேலே போகும் இரையைப் பார்த்து ஏறிவரும். கீழே போவதைக் கண்டுகொள்ளாது. ஆகவே தரையை உரசுவதைவிட ஓரடி மேலே ஓட்டுவது மேல்.

தகடு ஒழுங்காகச் சுழன்றால் ராடு நுனி துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு திடீரென்று நின்றால், மீன் பின்னாலிருந்து கவ்விக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். புதியவர்கள் இதைப் பாசி சிக்கியதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். நுனியைத் தூக்கினாலே போதும், வெடுக்கென்று வெட்டவேண்டாம். கிராப்பியின் உதட்டுச் சவ்வு காகிதம் மாதிரி, கிழிந்துவிடும்.

இனி தண்ணீர்க் கணக்கு. மேற்பரப்பில் விரலை விட்டுப் பார்ப்பது ஏமாற்றும். வெயிலும் அமைதியுமான நாளில் மேலே உள்ள சில அங்குலம் மட்டுமே சூடாகியிருக்கும். தெர்மாமீட்டரை நூலில் கட்டி 2 அடி கீழே இறக்கி, சில நிமிடம் விட்டு எடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே என்றால் பீட்டில் ஸ்பின்னை டப்பாவிலேயே வையுங்கள். அங்கே தக்கைக்குக் கீழே 1/64 அவுன்ஸ் ஜிக்கைத் தொங்கவிட்டு அசையாமல் நிறுத்துபவர்தான் மீன் பிடிப்பார். 10 முதல் 13 வரை பிற்பகல் மட்டும்: ஏரியின் வடகரையிலுள்ள ஆழமில்லாத குடா, கருத்த சேற்றுத் தரை. தெற்கு வெயில் முதலில் சூடாக்குவது அந்த இடத்தைத்தான். இரண்டு நாள் ஒரே திசையில் காற்று அடித்திருந்தால், சூடான மேல்தண்ணீர் ஒதுங்கும் எதிர்க்கரையையும் பாருங்கள்.

13 முதல் 16 வரைதான் இந்தத் தூண்டிலின் தங்க நேரம். கிராப்பி நாணலுக்கும் விழுந்த மரங்களுக்கும் வந்து சேர்கிறது. பாஸ் முட்டையிடுவதற்கு முன் வயிற்றை நிரப்ப அலைகிறது. 16ஐத் தாண்டினால் கிராப்பி முட்டையிடும், லார்ஜ்மவுத் ஆண்கள் கூடு துடைக்கத் தொடங்கும். 20ஐ ஒட்டி புளூகில் முறை வரும். 2 முதல் 4 அடித் தண்ணீரில், மணலிலும் சரளையிலும் தட்டுத் தட்டாகப் பள்ளங்கள் தேன்கூடு மாதிரி தெரியும். அப்போது 1/32ஐ எடுத்து, பள்ளங்களின் நடுவே போடாமல் விளிம்பில் ஓட்டுங்கள். பெரியவை பெரும்பாலும் சற்று ஆழமான விளிம்பில் நிற்கும். இடையில் குளிர்காற்று வந்து தண்ணீரை 2, 3 டிகிரி இறக்கிவிட்டால் கணக்கு பின்னோக்கிப் போகும். மீன் ஆழத்துக்கு நகரும், தூண்டிலும் தக்கை ஜிக்குக்கு மாறவேண்டும்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை உடல் கீழே வழுகி முள்ளின் வளைவில் சுருண்டு கிடப்பது. சின்ன மீன் வாலைக் கொத்தி இழுத்தாலே இது நடக்கும். சுருண்ட உடலோடு தூண்டில் தானே சுற்றும். அப்போதுதான் நூலும் முறுக்கும். புதிதாக எடுத்ததும் உடலைச் சற்றுக் கீழே தள்ளி, தலைக்குப் பின்னால் ஒரு சொட்டு சூப்பர் குளூ ஜெல் வைத்து மேலே ஏற்றிவிட்டால் தீர்ந்தது. வாலை மட்டுமே கொத்திவிட்டு முள்ளில் மாட்டாமல் போனால் வாலில் 5 மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள்.

இரண்டாவது, கம்பி. மெல்லிய கம்பி என்பதால்தான் சின்னத் தகடும் நன்றாக அதிர்கிறது. அதனாலேயே ஒவ்வொரு நல்ல மீனுக்குப் பிறகும் வளைகிறது. முன்னாலிருந்து பார்த்தால் மேல் கையும் முள்ளும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். விலகினால் தூண்டில் ஒருபக்கம் சாய்ந்து ஓடும். விரலாலேயே நிமிர்த்தலாம். ஒரே இடத்தில் பலமுறை நிமிர்த்தினால் உடையும், அதற்குமுன் மாற்றிவிடுங்கள். கம்பிச் சட்டம் மட்டும் தனியாக, ஜிக் ஸ்பின்னர் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. கீழ்க் கையின் கொக்கியைத் திறந்து எந்த ஜிக்கையும் மாட்டலாம் என்பது இந்த அமைப்பின் பெரிய வசதி. மாட்டியபின் கொக்கி மூடியிருக்கிறதா என்று பார்க்க மறந்தால் ஜிக் ஏரிக்குப் போகும்.

மூன்றாவது, சின்ன அளவுகளின் முள் மெலிது. 2 கிலோ பாஸ் நாணலுக்குள் திரும்பினால் விரிந்துவிடும். ரீலின் பிரேக்கை நூலின் தாங்குதிறனில் நாலில் ஒரு பங்குக்கு வையுங்கள். 4 பவுண்டு நூலுக்கு ஏறக்குறைய 450 கிராம் இழுப்பு. சின்னத் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கலாம். வடக்கு ஏரிகளில் பைக் மீன் வசந்தத்தில் இதே குடாக்களில் திரியும். அதன் பல்லுக்கு மோனோ எம்மாத்திரம்! தூண்டிலின் கம்பி நூலைக் காப்பாற்றாது, ஏனென்றால் முடிச்சு மூக்கிலேயே இருக்கிறது.

போட்டிக்கு வருவது பிளேக்மோர் ரோட் ரன்னர். அதில் தகடு தலைக்குக் கீழே தொங்கும். குளிர்ந்த தண்ணீரில், ஆழத்தில், ஏறி இறங்கும் ஓட்டத்துக்கு அது மேல். நாணலுக்கும் கிளைகளுக்கும் நடுவே பீட்டில் ஸ்பின் மேல்; மேல் கை முள்ளுக்குக் குடை பிடிப்பதால் சிக்கல் குறைவு. இழைப்பாசியை மட்டும் இரண்டுமே தாங்காது. மூன்று முள் கொண்ட மெப்ஸும் மீன் பிடிக்கும், ஆனால் உள்ளங்கை அகல புளூகில்லின் வாயிலிருந்து அதைக் கழற்றுவதற்குள் மீன் பாதி செத்துவிடும். ஒற்றை முள்ளின் பார்பை (நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூர்) குறடால் அமுக்கிவிட்டால் பீட்டில் ஸ்பின் ஒரு திருகலில் வெளியே வரும்.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். கனடாவில் தெற்கு ஒண்டாரியோவின் பெரும்பகுதியில் வசந்தத்தில் பாஸ் பருவம் மூடியிருக்கும். திறப்பது ஜூன் பாதிக்குப் பிறகு, மண்டலத்துக்கு மண்டலம் நாள் மாறும். பிடித்துவிட்டு விடுகிறேன் என்றாலும், மூடிய பருவத்தில் பாஸை நோக்கியே வீசுவது குற்றம். கூட்டைக் காக்கும் ஆண் மீன் சில நிமிடம் விலகினாலே புளூகில் முட்டைகளைத் தின்றுவிடும். ஆகவே ஒண்டாரியோவின் ரைஸ் லேக் ஏரியில் கிராப்பிக்கு வீசும்போது கூட்டின்மேல் நிற்கும் பாஸ் தெரிந்தால் இடம் மாறுங்கள். நியூயார்க் மாநிலத்தில் 2022 முதல், டிசம்பர் 1 தொடங்கி ஜூன் 14 வரை பெரும்பாலான தண்ணீரில் பாஸைப் பிடித்து விடலாம், செயற்கைத் தூண்டிலில் மட்டும். பீட்டில் ஸ்பின் அந்த விதிக்குள் வரும், ஆனால் பாஸுக்கு வீசும்போது அதில் புழுவைக் குத்தினால் வராது. நியூ ஹாம்ப்ஷயரும் மாசச்சூசெட்ஸும் சின்ன ஈய ஜிக்குகளைத் தடை செய்திருக்கின்றன. லூன் என்ற நீர்ப்பறவைகள் அவற்றை விழுங்கிச் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களிலும் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்துக்கு இடமில்லை. அங்கே போகிறவர்கள் கம்பிச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு டங்ஸ்டன் அல்லது பிஸ்மத் தலை ஜிக்கை மாட்டிக்கொள்ளலாம்.

பருவம் முடிந்ததும் தகட்டைத் துடைத்துக் காயவைத்து, உடல்களை அவை வந்த பையிலேயே போடுங்கள். வேறு வகை மெத்துப் பிளாஸ்டிக்கோடு ஒரே அறையில் கிடந்தால் ஒன்றையொன்று உருக்கி, அடுத்த ஏப்ரலில் டப்பாவைத் திறக்கும்போது பசைதான் இருக்கும்.