மோல் கணக்கு: விகிதமா, சூத்திரமா, அலகுச் சங்கிலியா?

4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடில் எத்தனை ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன? இந்த ஒரே கணக்கை மூன்று வழியிலும் போட்டால், எந்த வழி எங்கே காலை வாரும் என்று தெரிந்துவிடும்.

முதலில் விகிதம். கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 44. ஆக, 44 கிராமில், அதாவது ஒரு மோலில், 6.022 × 10²³ மூலக்கூறுகள், 4.4 கிராமில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6.022 × 10²². மூலக்கூறுக்கு இரண்டு ஆக்சிஜன் என்பதால் விடை 1.2044 × 10²³. ஒரு கிலோ அரிசி இவ்வளவு என்றால் கால் கிலோ எவ்வளவு என்று பார்ப்பது போலத்தான். மோல் என்றாலே மிரளும் பிள்ளைக்கு இதில்தான் தொடங்க வேண்டும்: டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022 × 10²³. ஆனால் 4.4-க்குப் பதில் 7.3 என்று வந்தால் குறுக்குப் பெருக்கல்தான். எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்ற குழப்பமும் கூடவே வரும்.

சூத்திரம் வேகமானது. நிறையை மோலார் நிறையால் (ஒரு மோலின் நிறை) வகுத்தால் மோல், அதை அவகாட்ரோ எண்ணால் (அந்த 6.022 × 10²³) பெருக்கினால் துகள்கள். சிக்கலும் அங்கேதான். எந்தத் துகள் என்று சூத்திரம் கேட்பதில்லை. அதனால் பலர் 6.022 × 10²² என்று மூலக்கூறுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். கேள்வியைத் திருப்பினால் இன்னும் மோசம். 3.011 × 10²³ மூலக்கூறுகளின் நிறை கேட்டால், அவகாட்ரோ எண்ணால் வகுக்காமல் பெருக்கிவிடுவார்கள். விடை சுமார் 8 × 10⁴⁸ கிராம் என்று வரும். சூரியனின் நிறையே 2 × 10³³ கிராம்தான்! சரியான விடை 22 கிராம்.

அப்புறம் அலகுச் சங்கிலி. என் ஓட்டு இதற்குத்தான்.

4.4 கிராம் × (1 மோல் ÷ 44 கிராம்) × (6.022 × 10²³ மூலக்கூறு ÷ 1 மோல்) × (2 ஆக்சிஜன் அணு ÷ 1 மூலக்கூறு)

கிராமும் கிராமும் அடிபடும், மோலும் மோலும் அடிபடும், மூலக்கூறும் போய்விடும். மிஞ்சுவது 'ஆக்சிஜன் அணு', கேள்வி கேட்டதும் அதுதான். ஒரு கண்ணியைத் தலைகீழாகப் போட்டால் அலகு அடிபடாமல் நின்று தவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

எழுத அதிக இடம் பிடிக்கும், உண்மைதான். மூலக்கூறுக்கு இரண்டு அணு உள்ள ஆக்சிஜன் வாயுவுக்கு 32-க்குப் பதில் 16 போட்டால் சங்கிலியும் காப்பாற்றாது. ஆனால் வேதிச் சமன்பாடு வந்தாலும் முறை மாறுவதில்லை. 10 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும்? 100 கிராம் கார்பனேட்டுக்கு 1 மோல், அந்த 1 மோலுக்கு 1 மோல் கார்பன் டை ஆக்சைடு, அதன் 1 மோலுக்கு 44 கிராம் என்று கோத்துக்கொண்டே போனால், நாம் தொடங்கிய அதே 4.4 கிராம் வந்து நிற்கும்.