குடியேற்ற மருத்துவப் பரிசோதனை: கனடாவா, ஆஸ்திரேலியாவா?

நிரந்தரக் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்கள் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் பெரும்பாலும் புள்ளிக் கணக்கையும் வேலைவாய்ப்பையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறோ, ஆயுள் முழுதும் மருந்து வேண்டிய நோயோ இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது மருத்துவ விதியைத்தான்.

பரிசோதனை முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் அந்தந்த நாட்டு அரசின் அங்கீகாரம் பெற்ற ‘பேனல்’ மருத்துவரிடமே போக வேண்டும். குடும்ப மருத்துவரின் சான்றிதழ் செல்லாது. 11 வயது முதல் மார்பு எக்ஸ்ரே, 15 வயது முதல் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை உண்டு. எக்ஸ்ரே அறையில் தாலிச் சங்கிலியையும் கழற்றச் சொல்வார்கள் என்பதை வீட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பழைய காசநோய்த் தழும்பு படத்தில் தெரிந்தால், நோய் எப்போதோ குணமாகியிருந்தாலும், அடுத்தடுத்து மூன்று நாள் சளி மாதிரி கொடுத்துவிட்டு, அதில் காசநோய்க் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்காக ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருக்க நேரிடலாம்.

உண்மையான வேறுபாடு, நோயாளியால் அரசுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது. அந்தச் செலவு வரம்பைத் தாண்டினால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். கனடாவின் வரம்பு, அந்நாட்டில் ஒருவருக்கு ஆகும் சராசரி மருத்துவ, சமூகச் சேவைச் செலவின் மூன்று மடங்கு. 2025-இல் அது ஆண்டுக்கு 27,162 கனடிய டாலர். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் வரம்பு 86,000 ஆஸ்திரேலிய டாலர். இது பெரிய தொகையாகத் தோன்றினாலும், பொதுவாக ஐந்தாண்டுச் செலவு முழுவதும் இதற்குள் அடங்க வேண்டும். நிரந்தர விசா கேட்பவரின் நோய் தீராததாக இருந்தால், பத்தாண்டு வரையிலான செலவைக் கூட்டி அதே 86,000-உடன் ஒப்பிடுவார்கள். ஆண்டுக்கு 12,000 டாலர் மருந்து தேவைப்படும் ஒருவர் கனடாவில் வரம்புக்குள் நிற்பார். ஆஸ்திரேலியாவில் பத்தாண்டுக் கணக்கில் 1,20,000 ஆகி, தாண்டிவிடுவார்.

“செலவை நானே ஏற்கிறேன்” என்று சொல்லும் வசதி கனடாவில் ஓரளவு உண்டு. ஹிலெவிட்ஸ் என்பவரின் குடியேற்ற வழக்கில் 2005-இல் கனடிய உச்ச நீதிமன்றம், விண்ணப்பதாரரின் சொந்த நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனால் மறுப்புக்கு முன் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மாத்திரைச் செலவைக் காப்பீட்டாலோ சொந்தப் பணத்தாலோ ஈடுகட்டும் திட்டத்தைப் பதிலாக அனுப்பலாம். டயாலிசிஸ் போன்ற அரசு மருத்துவமனைச் சேவைக்கு இந்த வழி பொதுவாக உதவாது. ஆஸ்திரேலிய மருத்துவ அதிகாரியோ, அதே நோயுள்ள ஒரு கற்பனை நபருக்கு என்ன செலவாகும் என்றே மதிப்பிடுகிறார். உங்கள் வங்கிக் கையிருப்பு அங்கே எடுபடாது. அங்கே செலவு வரம்பிலிருந்து விலக்குக் கோரும் உரிமை துணைவர் விசா போன்ற சில வகைகளுக்கு மட்டுமே உண்டு. கனடாவில் ஸ்பான்சர் செய்யப்படும் துணைவருக்கும் சார்ந்த பிள்ளைகளுக்கும் இந்தச் செலவு விதியே பொருந்தாது.

ஆகவே நாள்பட்ட நோயுள்ள குடும்பத்துக்குக் கனடாவே என் பரிந்துரை. பெற்றோரை அழைப்பதில் மட்டும் இந்தச் சாதகம் குறைந்துவிடுகிறது, ஏனெனில் அவர்களுக்குக் கனடாவிலும் செலவு வரம்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் பங்களிப்புப் பெற்றோர் விசாவிலோ (அதிகக் கட்டணம் செலுத்திப் பெற்றோரை அழைக்கும் வகை), வரம்பைத் தாண்டினால் பொதுவாக விலக்குக் கோர வழியில்லை.