தயாரிப்பாளர் நடத்தும் விஸ்கி மாலையா, வீட்டில் நண்பர்களோடு ருசிப்பதா?

பெங்களூரில் விஸ்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் இரண்டு வழி இருக்கிறது: தயாரிப்பாளரே நடத்தும் மாலைக்குக் காசு கட்டிப் போகலாம், இல்லையென்றால் நண்பர்கள் பங்கு போட்டு பாட்டில் வாங்கி வீட்டிலேயே உட்காரலாம்.

முதலாவதில் பெரிய லாபம் அந்தப் பேச்சுதான். விஸ்கி ஊறிப் பதமாகும் மரப் பீப்பாயிலிருந்து எவ்வளவு ஆவியாகிறது என்று கேளுங்கள். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் போகிறது, பெங்களூர் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கும் மேல். அதே வெப்பத்தால்தான் நம் ஊர் சரக்கு சில வருஷங்களிலேயே பதமாகிவிடுகிறது, வயது போடாத பாட்டிலைப் பார்த்து மட்டம் என்று ஒதுக்குவது சரியில்லை. சில மாலைகளில் பீப்பாய்க்குள் போகாத புதுச்சரக்கையும் ஊற்றுவார்கள். தண்ணீர் மாதிரி நிறமே இருக்காது, ஆனால் வாற்கோதுமை மணம் மூக்கைத் துளைக்கும். அது கடையில் லேசில் கிடைக்காது.

குறை என்னவென்றால், அவர் தன் சரக்கை மட்டும்தான் ஊற்றுவார். வீட்டில் அப்படியில்லை, கோவாவில் வடிக்கும் பால் ஜான் பிரில்லியன்ஸ், அப்புறம் அம்ருத் ஃப்யூஷன், கூடவே ஒரு ஸ்காட்ச், மூன்றையும் லேபிளை மறைத்து வைத்து ருசிக்கலாம். 46 சதவீத ஆல்கஹால் உள்ள பிரில்லியன்ஸ் முதலில், புகைவாசமுள்ள 50 சதவீத ஃப்யூஷன் கடைசியில். பாதி குடித்ததும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், நெடி அடங்கி வாசனை விரியும்.

புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் அந்த மாலைக்கே போங்கள், வண்டியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு. ஏற்கெனவே பழகியவர்களுக்கு வீடுதான் என் ஓட்டு.