டிக்கியில் நாய்: வலையா, குழாய்த் தடுப்பா, கம்பிவலையா, கூண்டா?

காரின் பின்பகுதியில் நாயை ஏற்றிச் செல்பவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. ஹெட்ரெஸ்ட் தண்டுகளில் கட்டும் துணிவலை ஒன்று. தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும், எந்தக் காருக்கும் பொருந்தும் குழாய்த் தடுப்பு இன்னொன்று. குறிப்பிட்ட ஒரு காருக்கென்றே அளவெடுத்துச் செய்த எஃகுக் கம்பிவலை மூன்றாவது. நான்காவது, முழுக் கூண்டு. எங்கள் லாப்ரடோர் முப்பது கிலோ எடையுள்ளவன். அவனுக்காகக் குழாய்த் தடுப்பையும் கம்பிவலையையும் சொந்தமாக வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். இன்று காரில் இருப்பது கம்பிவலை. ஹேட்ச்பேக்கோ எஸ்யூவியோ வைத்திருந்து, அதே காரைச் சில ஆண்டுகளாவது ஓட்டப்போகிறீர்கள் என்றால், கம்பிவலையையே வாங்குங்கள் என்பதுதான் என் முடிவு.

செடான் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே டிக்கி மூடிய பெட்டி; நாயின் இடம் பின் இருக்கைதான். மார்பையும் தோளையும் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் அணிவித்து அதை சீட் பெல்ட்டோடு இணைக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் மட்டும் இணைக்கவே கூடாது, திடீர் பிரேக்கில் மொத்த இழுப்பும் கழுத்துக்குப் போய்விடும்.

துணிவலையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலிவானது, மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம், அடுத்தவர் காரிலும் சில நிமிடங்களில் மாட்டலாம். வயதான, அமைதியான நாயை முன்பக்கம் வராமல் நிறுத்த அது போதும். எதையும் கடித்துப் பார்க்கும் இளம் நாய் அதைக் கிழித்துவிடும். மோதலில் அது தாங்கும் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

மற்றவற்றை ஒப்பிடும்போது பலரும் கம்பியின் பருமனைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள், நிறத்தைக்கூடப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: அந்தத் தடுப்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குச் சிறு கணக்கு போதும். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். மோதலில் கார் நின்றுவிடும், நாயின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கி வரும். 30 கிலோ நாயை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமென்றால் சராசரியாக 5,800 நியூட்டன் விசை தேவை. கிட்டத்தட்ட 590 கிலோ எடை வந்து அழுத்துவதற்குச் சமம். நிறுத்தும் தூரம் பாதியானால் விசை இரட்டிப்பாகும். இந்த விசை கம்பியில் விழுந்து, கம்பியிலிருந்து அதன் பிடிமானத்துக்குப் போகிறது. பிடிமானம் காரின் எஃகு உடல் என்றால் அதற்கொரு பதில் இருக்கிறது. பஞ்சும் துணியும் ஒட்டிய அட்டை என்றால் எந்தப் பதிலும் இல்லை.

குழாய்த் தடுப்பின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நீட்டிச் சுருக்கக்கூடிய இரண்டு செங்குத்துக் குழாய்கள், நுனிகளில் ரப்பர் பாதங்கள். அவற்றைத் திருகி நீட்டினால் கீழே டிக்கியின் விரிப்பிலும் மேலே கூரையின் உட்புறத்திலும் அழுந்தி நிற்கும். கூரையின் உட்புறம் என்று நாம் தொடுவது உலோகம் அல்ல, மெல்லிய பலகையில் ஒட்டிய நுரையும் துணியும். விரிப்பும் அதேபோல் மெத்தென்றுதான் இருக்கும். இரு பக்கமும் அமுங்கக்கூடிய பொருளுக்கு நடுவே முட்டுக்கொடுத்த எதுவும் நாளடைவில் தளரும். மேடுபள்ளங்களில் காரின் உடல் மிக லேசாக முறுக்கிக்கொள்ளும்போதும், வெயிலில் நுரை இளகும்போதும், நாய் சாய்ந்து படுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பிறகு கடகடவென்று சத்தம். இறுக்குவோம், சில நாள் அமைதி, மறுபடி சத்தம். கூடுதலாக இறுக்கினால் கூரைத் துணியில் குழி விழும். அந்தக் குழி தடுப்பைக் கழற்றிய பின்னும் மறைவதில்லை; காரை விற்கும்போது வாங்க வருபவரின் கண் நேராக அங்கேதான் போகும்.

சத்தம் வெறும் எரிச்சல் என்று விட்டுவிட முடியாது. பிடி தளர்ந்துவிட்டது என்று தடுப்பு சொல்லும் செய்தி அது. சாதாரணச் சாலையில் தளர்கிற ஒன்று மோதலில் எப்படி நிற்கும்?

கூரை ஓரத்தையும் கவனிக்க வேண்டும். மோதலில் ஜன்னல் ஓரமாகத் திரைபோல் விரியும் பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பைகள் (கர்ட்டன் ஏர்பேக்) உள்ள கார்களில் அவை கூரையின் இரு ஓரங்களிலும், உள்விரிப்புக்குப் பின்னால்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். குழாயின் மேல்நுனி அந்த ஓரத்தில் அழுந்தி நின்றால் பை விரியும் வழியை மறிக்கக்கூடும். குழாய்த் தடுப்பை வாங்கியே தீருவதென்றால், காரின் கையேட்டில் பைகள் எதுவரை நீள்கின்றன என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஹெட்ரெஸ்ட் தண்டுகளைப் பிடித்துக்கொள்ளும் குழாய்த் தடுப்பு இதைவிட ஒரு படி மேல். தண்டுகள் இருக்கையின் சட்டத்துக்குள் இறங்குவதால் அதற்கு ஓரளவு உண்மையான பிடிமானம் உண்டு. ஆனால் இருக்கையின் சாய்வை மாற்றினால் தடுப்பும் கூடவே நகரும், பக்கங்களில் இடைவெளி விழும். என் தங்கையின் பீகிள் அப்படிப்பட்ட இடைவெளியில் தலையை நுழைத்து, தோளையும் நுழைத்து, நிதானமாகப் பின் இருக்கைக்கு வந்து உட்கார்ந்துவிடும். சிறிய நாய் வைத்திருப்பவர்கள் குறுக்குக் குழாய்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். தலை நுழைந்து உடல் நுழையாத தூரம்தான் மிகவும் ஆபத்தானது.

இனி கம்பிவலை. இதை மாட்டும்போதே வேறுபாடு கைக்குத் தெரியும். சாமான் வலைக்கும் சரக்கைக் கட்டும் வளையங்களுக்கும் இருக்கை பூட்டுக்கும் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிய துளைகளும் போல்ட்டுகளும் காரின் உடலில் இருக்கின்றன. நல்ல கம்பிவலைத் தடுப்பு அவற்றையே பயன்படுத்துகிறது. புதிதாகத் துளையிட வேண்டாம், கூரைத் துணியை அழுத்த வேண்டாம். உலோகத்தை உலோகம் பிடித்துக்கொள்கிறது. ஓரங்கள் கண்ணாடியின் வளைவை ஒட்டியே போவதால் பீகிளுக்கும் வழி கிடையாது. மாட்டிய பின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கினேன். அதன் பிறகு அது இருப்பதே மறந்துபோகும் அளவுக்குச் சத்தமில்லை.

பின்கண்ணாடியில் பார்ப்பதற்கும் இதுவே நல்லது. தடித்த குழாய் பின்னால் வரும் வாகனத்தைக் கோடு கோடாக மறைக்கிறது. மெல்லிய கம்பி அருகில் இருப்பதால், தொலைவில் பார்க்கும் கண்ணுக்கு ஓரிரு நாளில் பழகிவிடுகிறது. காற்றோட்டமும் தடைபடுவதில்லை. ஏசி காற்று டிக்கி வரை வருவதே அரிது, அதையும் நாம் மறித்துவிடக் கூடாது.

குறை இல்லாமலில்லை. இந்தக் காருக்குச் செய்தது அடுத்த காருக்குப் பொருந்தாது. ஒரே பெயரில் வரும் காரின் முந்தைய தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும்கூடப் பிடிமானத் துளைகள் மாறியிருக்கும். கண்ணாடிக் கூரை உள்ள வகைக்கும் மூன்றாம் வரிசை இருக்கை உள்ள வகைக்கும் தனித்தனி வடிவங்கள் இருக்கலாம். ஆகவே மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், தயாரிப்பு ஆண்டையும் வகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழற்றிய பழைய திருகாணிகளையும் மூடிகளையும் ஓர் உறையில் போட்டு கையேட்டோடு வைத்துவிட்டால், காரை விற்கும் நாளில் அரைமணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். தடம் ஒன்றும் இருக்காது. தடுப்பை அதே கார் வைத்திருப்பவருக்குத் தனியாக விற்கலாம். அடிக்கடி கார் மாற்றுபவருக்கு இந்த வாதம் எடுபடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு ஹெட்ரெஸ்டைப் பிடிக்கும் வகையே பொருத்தம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இந்தத் தடுப்புகளில் பெரும்பாலானவை இருக்கையின் மேல்விளிம்பிலிருந்து கூரை வரைதான் அடைக்கின்றன. கீழ்ப்பாதித் தடுப்பு உங்கள் பின் இருக்கையின் முதுகுதான். இருக்கைகளின் வலிமைக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 17, டிக்கியில் தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேக மோதலுக்கு இணையான அதிர்ச்சியில் அந்த முதுகைச் சோதிக்கிறது. இருக்கைக்கு மேலே நிற்கும் தடுப்புக்கான சோதனையில் பயன்படுத்துவது 10 கிலோ கட்டை. "ஒழுங்குவிதி 17இன்படி சோதிக்கப்பட்டது" என்ற வாசகம் எதுவும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் 30 கிலோ நாயை வைத்துச் சோதித்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை. இருக்கையின் ஒரு பகுதியை மடித்துவிட்டால் கீழ்ப்பாதியே திறந்துவிடும். முதுகைத் தூக்கி நிறுத்தும்போது பூட்டு 'டக்' என்று விழுந்ததா என்று கையால் இழுத்துப் பாருங்கள். நாய் ஏறும் ஒவ்வொரு முறையும் நான் இதைச் செய்கிறேன்.

கூண்டுக்கு நியாயம் செய்யாமல் போகக் கூடாது. தடுப்பு எதுவானாலும் அது முன்னால் இருப்பவர்களை நாயிடமிருந்து காக்கிறது, நாயை டிக்கிக்குள் உருளாமல் காப்பதில்லை. கூண்டு இரண்டையும் செய்ய முயல்கிறது. பின்கதவைத் திறந்ததும் நாய் சாலைக்குப் பாய்வதையும் தடுக்கிறது. பின்னாலிருந்து இடி விழும்போது காரின் பின்பகுதி நசுங்கித்தான் விசையை வாங்கிக்கொள்ளும். விறைப்பான கூண்டு அங்கே நின்றால் அந்த நசுங்கலைக் கெடுத்து, பின் இருக்கையை நோக்கித் தள்ளும். அதனால்தான் சுவீடனின் வேரியோகேஜ் போன்ற கூண்டுகளை மோதலில் நீளம் சுருங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள், பின்கதவு திறக்காமல் போனால் நாயை வெளியே எடுக்க அவசர வழியும் வைத்திருக்கிறார்கள். அடுக்கி மடிக்கும் சாதாரணக் கம்பிக் கூண்டு இந்தக் கணக்கில் வராது. அது வீட்டுக்கு நல்லது. என் அனுபவம் இங்கே மெலிது: நண்பர் ஒருவரின் கூண்டை ஒரு பயணத்துக்கு இரவல் வாங்கியதோடு சரி. எங்கள் டிக்கியில் லாப்ரடோர் அதற்குள் திரும்பிப் படுக்க முடியவில்லை, சாமான் வைக்க இடமும் இல்லை. பெரிய டிக்கியும் நடுத்தர அளவு நாயும் இருந்து, வேகச் சாலையில் தினமும் போகிறவர் என்றால் என் தேர்வு உங்கள் தேர்வாக இருக்க வேண்டியதில்லை.

பராமரிப்பு எளிது. ஈர நாய் உரசும் கீழ்க்கம்பிகளில் பூச்சு பெயர்ந்தால் உடனே தொட்டுப் பூசிவிட வேண்டும், துரு அங்கேதான் தொடங்கும். மயிரை உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். இரண்டு நாய்களை ஏற்றுபவர்கள், தடுப்பை வாங்கும்போதே அதே மாதிரிக்கு நடுப்பிரிப்பான் கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பிரிப்பானின் முன்முனை தடுப்பின் சட்டத்திலேயே மாட்டுவதால், வேறு தயாரிப்பாளரின் பிரிப்பானைப் பின்னாளில் வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது.