சூடேறும் மேசைக் கணினி: தூசி தட்டுவதா, கூலரை மாற்றுவதா?

வீடியோ எடிட்டிங்கோ விளையாட்டோ தொடங்கியதும் மின்விசிறி இரைந்து, கணினி மந்தமாகி, சில வேளைகளில் தானாகவே அணைந்தும் விடுகிறது என்றால், புதிய கூலர் வாங்கக் கிளம்புவதற்கு முன் வெப்பநிலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். அண்மைக்கால இன்டெல் ப்ராசசர்களில் பெரும்பாலானவை 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை கொடுத்த சில நொடிகளிலேயே எண் அங்கே போய் நின்றால், ப்ராசசரும் ஹீட்சிங்கும் (அதன் சூட்டை உறிஞ்சும், கூலரின் உலோகப் பகுதி) சரியாக ஒட்டவில்லை என்று கொள்ளலாம். பத்துப் பதினைந்து நிமிடங்களில் மெல்ல ஏறினால், பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான் குறை.

காற்றோட்டக் குறைக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையை மீண்டும் கொடுத்துப் பார்க்கையில் வெப்பநிலை கணிசமாக இறங்கினால், முன்பக்கம் காற்றை உள்ளிழுக்கவும் பின்பக்கம் வெளித்தள்ளவும் ஆளுக்கொரு மின்விசிறி பொருத்துவதே போதுமானதாக இருக்கும். தகட்டைத் திறந்தே வைத்திருப்பதைப் பலர் தீர்வாகக் கொள்கிறார்கள். தூசிக்கும் பல்லிக்கும் அது நல்ல அழைப்பு.

தூசியை அகற்றுவதும், ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்றாலும் உழைப்பில் வேறுபடுகின்றன. தூசிக்கு, மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியின் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே புளோயரால் ஊதினால் போதும். பேஸ்ட்டுக்குக் கூலரையே கழற்ற வேண்டும்: காய்ந்துபோன பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, கூலரை நேராக அழுத்திப் பொருத்த வேண்டும். ஏஎம்டி ப்ராசசர்களுக்கான ஏஎம்4 வகை மதர்போர்டுகளில் கூலரை அப்படியே மேலே இழுத்தால் ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து அதன் ஊசிகள் வளையக்கூடும் என்பதால், கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி அணைத்தபின், மெல்லத் திருகி எடுப்பதே பாதுகாப்பு. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் முனைகளில் ஒன்று தளர்ந்திருந்தாலே வெப்பம் எகிறிவிடும். புதிய பேஸ்ட் வாங்குமுன் அவற்றை அழுத்திப் பார்ப்பது நல்லது.

இவற்றுக்குப் பிறகும் சூடு அடங்காதபோதுதான் கூலரை மாற்றும் பேச்சு எழ வேண்டும். உயரமான ஹீட்சிங்கில் விசிறி பொருத்திய டவர் வகை ஏர் கூலருக்கும், பம்ப் வழியே திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலருக்கும் இடையில், வீட்டுக் கணினிக்கு நான் முன்னதையே பரிந்துரைப்பேன். அதில் பழுதாகக்கூடியது விசிறி ஒன்றுதான், அதையும் தனியே மாற்றிவிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றுவிட்டால் பெரும்பாலும் முழுத் தொகுப்பையுமே தூக்கிப்போட வேண்டியிருக்கும். மின்சாரத்தை அதிகம் உறிஞ்சும் உயர்ரக ப்ராசசரில் நெடுநேரம் ரெண்டரிங் செய்பவர்களுக்கு மட்டுமே அதன் கூடுதல் விலை பொருந்தும். இரண்டில் எதுவானாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்காது என்பதால், 40 டிகிரியைத் தொடும் சென்னை மே மாதத்தில் மின்விசிறிக் காற்றுகூட வராத மூலையில் வைத்த கணினிக்கு முதலில் வேண்டியது இடமாற்றம்.

பணமே செலவழிக்க விரும்பாதவர்கள் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசசரின் உச்ச அளவை 99 விழுக்காடாகக் குறைத்தால், பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம் (ப்ராசசர் தன் இயல்பு வேகத்தைத் தாண்டி ஓடுவது) நின்று, சூடும் இரைச்சலும் உடனே தணியும். அலுவலகக் கோப்புகளுக்கும் இணையத்துக்கும் அந்த வேகக் குறைவு தெரியாது, எடிட்டிங்கில் நன்றாகவே தெரியும்.